பெருங்கணினியும் புதுமொழியும்

மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணினிகளைக் கொண்டு இயங்கும் வங்கிகளும் அரசுத் துறைகளும் புதிய நிரல்மொழிகளை ஏற்க மறுக்கின்றன என்பது நெடுநாளாகக் கூறப்படும் குறை. இக்குறை பாதியளவே பொருந்தும் என்பது நம் கருத்து.

ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. அதற்கென எழுதிய நிரல்கள் பின்வந்த பொறிகளிலும் இயங்குமாறு அந்நிறுவனம் பேணி வந்துள்ளது. 1959இல் உருவாகத் தொடங்கிய கோபோல் மொழி அவற்றில் இன்றும் கோலோச்சுகிறது. காசு பிசகாமல் பதின்மக் கணக்கிடும் ஆற்றல் அம்மொழிக்கு இயல்பாகவே உண்டு.

எனினும், புதுமைக்கு அங்கே கதவு அடைக்கப்படவில்லை. 2000இல் லினக்ஸ் இப்பொறிகளில் இடம்பெற்றது. 2004இல் ஜாவாப் பணிகளுக்கென்றே தனிச் செயலியை ஐ.பி.எம். வழங்கியது; மென்பொருள் கட்டணச் சுமை அதனால் குறைந்தது. பைத்தானும் இன்று அவற்றில் இயங்குகிறது. புதுமொழிகள் திண்ணையைக் கடந்து கூடத்திற்கும் வந்துவிட்டன. கருவூலச் சாவி மட்டும் பெரும்பாலும் கோபோலிடமே இருக்கிறது.

இத்தயக்கத்திற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018இல் தன் கணக்குகளை வேறொரு கணினித் தளத்திற்கு ஒரே வீச்சில் மாற்றியது. வாடிக்கையாளர் பலர் தம் பணத்தை எடுக்க இயலாமல் தவித்தனர். 2022இல் அவ்வங்கிக்கு 4.8 கோடிப் பவுண்டுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. பிறர் பணத்தைக் காப்போர் அஞ்சுவது அஞ்சல் அறிவுடைமையே.

ஆயினும் அச்சத்தின் பெயரால் வாளாவிருத்தலும் தீங்கே. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்ஃபி, கோபோல் அறிந்த தன்னார்வலர் தேவை என வெளிப்படையாக வேண்டினார். அறிந்தோரைத் தேடிய அந்நாள்களில் உதவித்தொகைக்குக் காத்திருந்தவை ஏழைக் குடும்பங்கள் அல்லவா?

தொல்காப்பியம் இன்று நமக்கு விளங்குவது இளம்பூரணர் முதலிய உரையாசிரியர்களால். பழைய நிரல்களுக்கோ உரை இல்லை. சட்டத் திருத்தங்களும் வட்டி விதிவிலக்குகளும் அவற்றின் வரிகளுக்குள் புதைந்து கிடக்கின்றன. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுச் செல்கின்றனர். ஆதலின், அவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு நிரலின் பொருளையும் எழுதிவைத்தல் வேண்டும். இளையோரை அவர்களிடம் பயிலச் செய்தல் வேண்டும். அதன்பின் பகுதி பகுதியாகச் சோதித்துப் புதுமொழிக்கு மாற்றலாம். பொருள் உணராமல் பெயர்த்தலும் தவறு. பெயர்க்க அஞ்சிப் பொருளையே இழத்தல் அதனினும் தவறு.