சம்பளம் வாங்காத உபதேசியார்

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் கதையை 1906ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவிலிருந்து தொடங்குவது நம்மிடையேயும் வழக்கமாகிவிட்டது. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே வடதிருநெல்வேலிச் சீமையில், வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய எழுப்புதலில் அந்நிய பாஷை பேசப்பட்டது. ஆணும் பெண்ணும் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். நடுங்கி விழுந்து பாவங்களை அறிக்கையிட்டார்கள். அதன் நடுவில் நின்றவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். இன்று அவரை நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த அடையாளங்களுக்காகவே நினைக்கிறார்கள். அவரது ஊழியத்தின் வேர் அங்கே இல்லை, அவர் மறுத்த சம்பளத்தில் இருக்கிறது என்பதே நம் எண்ணம்.

1810இல் பிறந்த அருளப்பன் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். அந்த ரேனியஸை 1835இல் சர்ச் மிஷனரி சங்கம் விலக்கியது. சபை யாருடையது என்ற கேள்வி அன்றே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் முன் வந்துவிட்டது. 1833இல் இந்தியா வந்த ஆங்கிலேய மிஷனரி அந்தோனி நோரிஸ் க்ரோவ்ஸ், குருப்பட்டமும் மாதச் சம்பளமும் இல்லாமலே ஊழியம் செய்யலாம் என்று போதித்தார். அதை அருளப்பன் வாழ்ந்து காட்டினார். 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கிய அவர் எந்த மிஷனுக்கும் சம்பளக்காரராக இருக்கவில்லை. அந்நாளில் உபதேசியார்கள் மிஷன் பணத்தையே நம்பியிருந்தார்கள். படியளந்தவர்களே யார் பேசலாம், எதைப் பேசலாம் என்பதையும் முடிவு செய்தார்கள். அந்தக் கட்டு இல்லாத இடத்தில்தான் 1860இல் சாதாரண விசுவாசிகள் யாரும் அனுப்பாமலே ஊர் ஊராகப் புறப்பட்டார்கள்.

இதுவும் வெள்ளைக்காரர் தந்த யோசனைதானே, அமெரிக்க, அயர்லாந்து எழுப்புதல்களின் எதிரொலிதானே என்று கேட்கலாம். அந்த எழுப்புதல்களின் செய்தி வந்தது, முன்பு க்ரோவ்ஸின் துணையும் இருந்தது. ஆனால் பக்கத்தில் பணியாற்றிய ஆங்கிலிக்க மிஷனரி ஆஷ்டன் டிப், 1860இலேயே தம் சங்க ஏட்டுக்கு எழுதியபோது, இதைச் சுதேசிகளே முன்னின்று நடத்திய முயற்சியாகத்தான் பதிவு செய்தார். தன்னிச்சையான எழுச்சி தடம்புரளும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அருளப்பன் 1867இல் மறைந்தார். அவருக்குப் பின் 1870களில் திருவிதாங்கூரில் சுதேசிகளிடையே பரவிய எழுப்புதல், 1881இல் கிறிஸ்து வருவார் என்று நாள் குறிக்கும்வரை போய் ஏமாந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாள் குறித்து ஏமாந்தவர்கள் சம்பளமும் சங்கமும் இருந்த மேற்கத்திய சபைகளிலும் உண்டு. ஆகவே அந்தப் பிழையைச் சுதேசித் தலைமையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அருளப்பனின் நாட்குறிப்புகளை 1939இல் ஆங்கிலத்தில் நூலாக்கியவர் ஜி. எச். லாங். நம் இறையியல் கல்லூரிகள் அவற்றைப் பாடத்தில் சேர்க்கட்டும். அசூசாவுக்கு முன்னால் 1860ஐ வைத்து வரலாற்றைக் கற்பிக்கட்டும்.