கட்டைப் பிரித்துக் காட்டுங்கள்
காவிரி டெல்டாவில் நீதிமன்றப் பதிவேடுகளுக்கான இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

காவிரி வழக்கின் தீர்ப்பைத் திருவையாற்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் படித்துவிடலாம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது, 177.25 டி.எம்.சி. என்ற கணக்கு எப்படி வந்தது, எல்லாம் பத்தி பத்தியாகக் கிடைக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசும் வேண்டாம். அதே ஊரில் ஒரு கிளை வாய்க்காலின் மடையை யார் எப்போது திறப்பது என்று 1980களில் முன்சீப் கோர்ட்டில் தாவா நடந்து டிகிரி ஆகியிருந்தால், அதைப் பார்க்க வாதியின் பேரனுக்கே வழி தெரியாது. டெல்லி வழக்கு நம் கையில் இருக்கிறது. நம் வயல் வழக்கு பதிவறையில் நூலால் கட்டிக் கிடக்கிறது.

இது மாற வேண்டும் என்று கருதும் குத்தகைதாரர்களும் சிறு பட்டாதாரர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர்களும் சட்டம் படிக்கும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களுக்குக் கட்சி இல்லை. எந்த வழக்கிலும் எந்தப் பக்கமும் இல்லை.

மனுப் போடுவது டெல்டாவுக்குப் புதிதல்ல. காவிரிக்கு நடுவர் மன்றம் வேண்டும் என்று 1983-ல் உச்ச நீதிமன்றப் படியேறியது இந்த மண்ணின் விவசாயிகள் சங்கம்தான். அந்த மனுவின் மேல்தான் 1990 மே மாதம் உத்தரவு வந்தது. ஜூன் 2 அன்று நடுவர் மன்றம் அமைந்தது. நதிக்காக டெல்லி வரை போனவர்கள், பக்கத்து ஊர் கோர்ட்டின் நகல் பிரிவு ஜன்னல் முன்னால் தயங்கி நிற்கிறோம். இந்தத் தயக்கத்தை உடைப்பதுதான் எங்கள் முதல் வேலை.

இந்த மண்ணின் உண்மையான வரலாறு கீழ்க்கோர்ட்டுக் கட்டுகளில்தான் இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம். 1952-ல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-ல் நியாய வாரச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். இந்தச் சட்டங்களை எந்த நூலகத்திலும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு ஒரு குத்தகைதாரர் வென்றாரா, பாக்கி என்ற பெயரில் வெளியேற்றப்பட்டாரா, கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் சாட்சி சொல்ல யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இல்லை. கட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் சொன்ன காரணங்களைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதுகிறோம், பேசுகிறோம். கீழ்க்கோர்ட்டு நீதிபதி எந்தச் சாட்சியை ஏன் நம்பினார் என்பதை அவருடைய எழுத்திலேயே படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? விடுதலைக்கான காரணம் மட்டும் நினைவில் நிற்பதும், தண்டனைக்கான காரணம் மறைந்துபோவதும் நியாயமான வரலாறு ஆகாது.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் நிலைமை அதுதான். கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று, தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்து 11 பேரை விடுவித்தது. அந்த எண்ணிக்கை பத்திரிகையில் வந்துவிட்டது. எந்தப் பொறுப்பில் இருந்தவர் எந்தக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை, டெல்டாவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

எங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார், அவரும் இந்தப் பக்கத்து முன்சீப்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே அவர் 1805 முதல் 1861 வரையான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று புத்தகமாகப் போட்டார். கம்பெனிக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு நீதிபதிக்கு, தீர்ப்பு ஜனங்களுக்குப் புரியும் மொழியில் அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 1976-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, கீழ்க்கோர்ட்டுகளின் மொழி தமிழ் என்று ஆக்கினோம். தமிழில் எழுதிய தீர்ப்பைத் தமிழர் படிக்க முடியாமல் பூட்டி வைத்திருப்பதில் என்ன பெருமை?

சட்டம் எங்கள் பக்கம் பாதி தூரம் வருகிறது. கோர்ட்டு திறந்த மன்றம்; யாரும் உள்ளே போய் உட்கார்ந்து விசாரணையைக் கேட்கலாம். 1872 சாட்சியச் சட்டம் நீதிமன்றச் செயல்களின் பதிவுகளைப் பொது ஆவணம் என்றே வகைப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியமும் அப்படியே சொல்கிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல். வழக்கின் கட்சிக்காரருக்கு நகல் மனு போதும். மூன்றாம் நபர் என்றால் எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் காட்டி, பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டு, நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இதைத் தாண்டிவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். 2020 மார்ச் 4 அன்று, குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், நீதிபதி பானுமதி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த வழியை அடைத்துவிட்டது: வழக்கு ஆவணம் வேண்டுமானால் கோர்ட்டு விதிப்படிதான் கேட்க வேண்டும். இந்தத் தீர்ப்பு எங்களுக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அதை மதித்தே நடப்போம். வழக்குக் கட்டுக்கு நகல் மனு. எத்தனை வழக்கு நிலுவை, எத்தனை நகல் மனு தேங்கியிருக்கிறது போன்ற நிர்வாகக் கணக்குக்கு ஆர்.டி.ஐ. இரண்டையும் குழப்பி ஒரே தாளில் எழுதிப்போட்டால், இரண்டும் திரும்பி வரும்.

நகல் எப்படிக் கிடைக்கிறது என்பதை இந்தப் பிரகடனத்திலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இது ரகசியம்போல் நடத்தப்படுகிறது. கோர்ட்டு பெயர், வழக்கு எண், வருடம் மூன்றும் வேண்டும். அசல் தாவா என்றால் ஓ.எஸ்., முதல் மேல்முறையீடு ஏ.எஸ்., நிறைவேற்று மனு இ.பி., அமர்வு வழக்கு எஸ்.சி. மனுப் போட்ட பிறகு, எவ்வளவு ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்று கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. பலகையைப் பார்க்காததால் போன மனுக்களே அதிகம் என்று எந்தக் குமாஸ்தாவும் சொல்வார். கையில் வரும் சான்றிட்ட நகலில் மனுச் செய்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாகத் தேதிகள் இருக்கும். பலர் அதை அலுவலகக் கிறுக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது, நகல் வாங்குவதற்குத் தேவைப்பட்ட நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு கழித்துக் கொடுக்கிறது. அந்தக் கழிவுக்கு ஆதாரம் இந்தத் தேதிகள்தான்.

எண் தெரியாதவர் என்ன செய்வார்? இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு, அது இருந்தால் நொடியில் வரும். ஆனால் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கிறது. ராமசாமியை எத்தனை விதமாக எழுதலாம், இனிஷியல் முன்னே வருமா பின்னே வருமா என்பது அன்றைக்குத் தட்டச்சு செய்தவரின் கையில் இருந்த விஷயம். கணினி வருவதற்கு முந்தைய வழக்கென்றால் பழைய தாவாப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அதற்கும் முன்னால், அது எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரே தஞ்சாவூர் மாவட்டமாக இருந்ததிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. மேல்முறையீடும் ஒரே திசையில் போவதில்லை. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து தஞ்சாவூர் வழக்கு மதுரைக்குப் போகிறது, திருவாரூர் வழக்கும் நாகை வழக்கும் சென்னைக்குப் போகின்றன. ஒரே ஆற்றில் பாசனம் பெறும் இரண்டு வயல்களின் வழக்குகளை இரண்டு நகரங்களில் தேட வேண்டியிருக்கிறது.

நிலத்தை வைத்துத் தேட முடியாததுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. டெல்டாவில் யாரும் பெயரைச் சொல்லி வயலை அடையாளம் காட்டுவதில்லை; கிராமம், சர்வே எண், உட்பிரிவு. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து நிலம் வாங்குகிறார்கள். நிலுவையில் இருக்கும் தாவா அந்தச் சான்றில் தானாக ஏறுவதில்லை. ஆனால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தில் அரை வேலி வாங்கியவர், கோர்ட்டு அமீனா வந்து நிற்கும்போதுதான் வழக்கு இருந்ததையே அறிகிறார். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும், வழக்கு நிலுவையைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று பழைய பம்பாய் மாகாணத்தின் 1939 திருத்தம் இருக்கிறது. இங்கே அது ஏன் வரக்கூடாது என்பதற்கு உருப்படியான பதில் எதையும் நாங்கள் இதுவரை கேட்டதில்லை.

மற்ற நாடுகளையும் பார்ப்போம். அமெரிக்காவின் கவுண்டி கோர்ட்டுகளில் கிளார்க் அலுவலகத்துக்குப் போய், வழக்கோடு சம்பந்தமே இல்லாதவரும் அட்டவணையைப் பார்த்துப் பெரும்பாலான கட்டுகளின் நகலைக் கேட்கலாம். இங்கிலாந்தில் 2019-ல், ஆஸ்பெஸ்டாஸால் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பு ஒன்று தனக்குத் தொடர்பில்லாத வழக்கின் ஆவணங்களைக் கேட்டது. நீதி நடப்பதை மக்கள் கண்காணிக்கவும் புரிந்துகொள்ளவும் அது தேவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். பெயரைத் தேடி எடுத்து, விடுதலையானவருக்கும் வேலை கொடுக்காமல் விரட்டும் கொடுமை அங்கே உண்டு.

அதனால் எங்கள் எல்லையையும் இங்கேயே சொல்கிறோம். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம், போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், சிறார் நீதி, குடும்பநல வழக்குகளின் அந்தரங்கம், இவற்றைச் சட்டம் மூடி வைத்திருக்கிறது, மூடியே இருக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கக் கேட்ட ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறோம். பெயரை மறைத்துத் தீர்ப்பைத் திறந்து வைக்கலாம். பெயருக்காகத் தீர்ப்பையே மறைப்பதை ஏற்க மாட்டோம். பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டக் கட்டு தேடி வருபவருக்கு எங்கள் கையால் ஒரு மனுவும் எழுதப்படாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பையும் டிகிரியையும் யார் கேட்டாலும், காரணம் விசாரிக்காமல், கட்டணத்துக்குக் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் விதியைத் திருத்த வேண்டும். நகல் மனுப் படிவமும் கட்டண விவரமும் ஒவ்வொரு கோர்ட்டு வாசலிலும் தமிழில் தொங்க வேண்டும். கிராமம், சர்வே எண் வைத்துத் தேடும் வசதி வேண்டும். குத்தகை வழக்கு நடக்கும் ரெவின்யூ கோர்ட்டின் உத்தரவுகளும் அதே தேடலில் வர வேண்டும். இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வதும் அதில் அடக்கம். அந்தப் பணத்தில் பட்டுக்கோட்டைக்கும் பாபநாசத்துக்கும் மன்னார்குடிக்கும் என்ன வந்தது என்று கேட்போம்.

கடைசியாக, அழிப்பு. 1917 ஆவண அழிப்புச் சட்டத்தின் வழியில் வந்த விதிகளின்படி, கெடு முடிந்த கட்டுகளைக் கழித்துவிடலாம். இடம் இல்லை என்ற கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அழிப்பதற்கு முன் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதல் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களைப் படிக்க ஆள் தேடிய ஊர் இது. குத்தகை வழக்கு, கூலி வழக்கு, நீர்ப்பங்கு வழக்கு, தீண்டாமை வழக்கு ஆகியவற்றின் கட்டுகளைத் தூக்கி எறியாமல் அங்கேயோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ ஒப்படையுங்கள். ராஜராஜன் பெரிய கோயில் சுவரில் தானக் கணக்கை வெட்டி வைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் 1939 வரை எல்லோரும் போக முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் பங்குக்கு, மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்போம். பலகையைப் பார்த்து ஸ்டாம்ப் தேதியைச் சொல்வோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊழியர் எங்கள் எதிரி அல்லர். ஆள் பற்றாக்குறையில் அவர் படும் பாட்டையும் எழுதுவோம். ஆனால் நகலுக்காக ரசீது இல்லாத ஒரு ரூபாயும் யாருக்கும் கொடுக்க மாட்டோம், யாரையும் கொடுக்க விடவும் மாட்டோம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சம்மனோ டிகிரி நகலோ வக்கீல் நோட்டீஸோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் கோர்ட்டு பெயர், வழக்கு எண், வருடம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். மனு எழுதுவது எங்கள் வேலை. ஸ்டாம்ப் செலவு உங்களுடையது.