நாற்காலி தராதவர் சிரிப்பைக் கேட்கிறார்!

"வாங்க அண்ணா, வாங்க அக்கா, என்ன பாக்கறீங்க?"

ஜவுளிக் கடைக்குள் கால் வைத்ததும் சிரித்த முகத்தோடு ஒரு பெண் அழைக்கிறாள். காலையில் கடை திறக்கும்போதும் அதே சிரிப்பு. இரவு விளக்கு அணைக்கும்போதும் அதே சிரிப்பு. கவுண்டருக்குப் பின்னால் அவளுடைய கால்கள் வீங்கியிருப்பதை வாங்க வந்தவர் பார்ப்பதில்லை. முதலாளியோ பார்த்தும் பாராதிருக்கிறார்.

அவள் யார்? நம் வீட்டுப் பெண். வயலில் வேலை அற்றுப்போன தென் மாவட்டக் குடும்பங்களிலிருந்து சென்னை தியாகராய நகர்க் கடைகளுக்கு ஆண்டாண்டு காலமாக ஆள் போகிறது. 2010-ல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் அந்த வாழ்க்கையைத்தான் நாட்டுக்குக் காட்டியது.

பெரிய வியாபார ஸ்தாபனங்களில் இன்று ஒரு கோஷம் கேட்கிறது. "ஊழியரை மகிழ்ச்சியாக வையுங்கள்; உற்சாகம் பெருகினால் விற்பனை பெருகும்!" பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் படம் மாட்டுகிறார்கள். கேக் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்தத் தொழிலாளியின் மகிழ்ச்சியைக் கெடுத்தது எது? அதைப் பேசாமல் உற்சாகம் ஊட்டுவது, மடையைத் திறந்துவிட்டுக் குளத்தில் குடத்தால் நீர் ஊற்றுவதாகும்.

கெடுத்தது டார்கெட். இந்த மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று மேலேயிருந்து ஒரு கணக்கு வருகிறது. எட்டிவிட்டால் அடுத்த மாதம் கணக்கு உயர்கிறது. எட்டாவிட்டால் ஊக்கத்தொகை போகிறது. சூப்பர்வைசரின் ஏச்சு வருகிறது. மழை பெய்து தெரு வெறிச்சோடினாலும் குற்றம் விற்பவள் மீதுதான்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிதா? இரண்டு தறி பார்த்தவரை நான்கு தறி பார்க்கச் சொன்ன கதைதானே இது! அளவுக்குக் கூலி பேசி அறுவடை செய்த விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரியும். அளவுக் கூலி முதலாளித்துவ முறைக்கு மிகவும் பொருந்திய கூலி முறை என்று 1867-ல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் விளக்கினார். தொழிலாளி தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறான். பக்கத்துத் தொழிலாளியோடு போட்டி போடுகிறான். சாட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தச் சாட்டை எங்கே கொண்டுபோய் விடும்? அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியைப் பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கைக்காரர் தலையிலும் எட்டுக் கணக்குகளைக் கட்ட வேண்டும் என்பது அங்கே இலக்கு. வேலைக்குப் பயந்த ஊழியர்கள் மக்களுக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குத் திறந்தார்கள். 2016-ல் இது அம்பலமாகி வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து விரட்டப்பட்டிருந்தார்கள். இலக்கை வகுத்தவர்கள் மேலே. தண்டனையின் பெரும்பாரம் கீழே! அதே வங்கியின் ஆல்புகெர்க்கி நகரக் கிளை ஊழியர்கள் 2023 டிசம்பரில் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். அவர்கள் கண்ட மருந்து அது.

நம் பக்கத்திலும் அதே பாடம்தான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் உட்காரவும் முடியாமல், கழிப்பறைக்குப் போகவும் வழியில்லாமல் தவித்தார்கள். தையல் தொழிலாளி விஜி போன்றவர்கள் அவர்களைத் திரட்டினார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2018-ல் கேரளத்தின் இடதுசாரி சர்க்கார் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 1947-ம் ஆண்டுக் கடைகள் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டு, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது.

சட்டம் வந்தது, சரி. ஆனால் நாற்காலி இருந்தும் உட்காரப் பயப்படுகிற கடைகள் இல்லையா? சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் காகிதமாகவே கிடக்கும். இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆலை வாசலில் கொடியேற்றிய நாம், நம் பெண்கள் நிற்கிற கடை வாசலுக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்? அவர்கள் தங்கும் விடுதிக்குப் போய் "சாப்பிட்டாயா அம்மா?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இந்தக் குறையை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. திருத்தாமல் விடுவதுதான் வெட்கம்.

விற்பனைத் தொழிலாளியின் கோரிக்கைகள் எளியவை. விற்றாலும் விற்காவிட்டாலும் குடும்பம் நடத்தப் போதுமான நிலையான சம்பளம் வேண்டும். எட்டு மணி நேர வேலை வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். தொழிலாளரைக் கேட்காமல் டார்கெட் வகுக்கக் கூடாது. கூட்டம் இல்லாத நேரத்தில் அச்சமின்றி உட்கார வேண்டும்.

தோழர்களே! தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "உட்காரம்மா, சட்டம் உன் பக்கம் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம்." அப்போது அவள் முகத்தில் வருகிற சிரிப்பு எந்த முதலாளியும் கட்டளையிட்டு வந்ததாக இராது. அந்தச் சிரிப்புக்காகச் சங்கம் கட்டுவோம்!