ஆட்டோ க்ளீனாம், ஆட்டோ க்ளீன்!

நொய்டா ஃப்ளாட்டுல கிச்சன் சிம்னி மாட்ட வந்த பையன் "ஆட்டோ க்ளீன் சார், கை வைக்கவே வேணாம்"னான், இந்தியில. பேங்க்ல இருபது வருஷமா பொடி எழுத்தைப் படிக்கிற நானும் தலையாட்டிட்டேன். என்னத்தச் சொல்ல!

போன தீபாவளிக்குத் தங்கமணி முறுக்கு சுடும்போது மேலேயிருந்து ஒரு சொட்டு எண்ணெய் பர்னர்ல விழுந்து குப்புனு எரிஞ்சுது. கேஸை அணைச்சுத் தப்பிச்சோம். அப்புறம் பைப்பைக் கழட்டினா, அலுமினிய மடிப்பு ஒவ்வொண்ணுலயும் பழுப்பா, பிசின் மாதிரி பிசுக்கு. மூணு வருஷத் தாளிப்பு!

அந்தப் பட்டனை அமுக்கினா, உள்ளே விசிறியில ஒட்டின எண்ணெய்தான் சூட்டுல உருகிக் கிண்ணத்துல வடியும். வெளியே போற பைப்பை அது தொடவே தொடாது. பைப்பு நீளமா, வளைஞ்சு வளைஞ்சு போச்சுன்னா இன்னும் மோசம். அதுல தீப்பிடிச்சா, ஓடற விசிறியே காத்தை இழுத்துக் கொடுக்கும்.

இதுக்குப் பேரு ஆட்டோ க்ளீனா? அரை க்ளீன்னு எழுதி வித்தா யாரு வாங்குவா?

நாம மட்டும் யோக்கியமா? ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். வருஷத்துக்கு ஒருதரம் பைப்பைக் கழட்டிச் சுத்தம் பண்ண ஆள் கூப்பிட்டா தண்டச் செலவுங்கறோம். (நானும்தான் சொன்னேன்.) கிண்ணத்தையாவது மாசாமாசம் கொட்டுங்க. சல்லடை வச்ச மாடல்னா வெந்நீர், சோப்பு போட்டு ஊற வைங்க.

பக்கத்து ஃப்ளாட்காரர்கிட்ட சொன்னேன். "அதெல்லாம் தானா க்ளீன் ஆயிடும் ஜி"ங்கறார். அவர் வீட்டுப் பைப்பு எங்க பால்கனியைப் பார்த்துதான் நிக்குது.