தாத்தா ஏன் திரும்பி வந்தார்?

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்

பள்ளி ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றியா எழுதுவது என்று எங்களுக்கே முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. "பார்த்ததை ஒளிக்க வேண்டாம்; பார்த்து என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள்" என்று வகுப்பாசிரியை சிஸ்டர் கூறிவிட்டதால் துணிந்தோம். பெற்றோர்களும் சகோதரிகளும் பொறுத்தருள்க.

இயக்குநர் ஷங்கரின் 'இந்தியன்' திரைப்படம் 1996ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. 'இந்தியன் 2' வந்ததோ 2024ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள். இடையில் 28 ஆண்டுகள்! முதற் படம் வந்தபோது எங்கள் அம்மாக்களே சடை பின்னிக்கொண்டு பள்ளிக்குச் சென்ற சிறுமியர். எங்களில் சிலர் மயிலாடுதுறைக்குப் போய்க் கொட்டகையில் இரண்டாம் படத்தைப் பார்த்தோம். மற்றவர் சில வாரங்கள் கழித்து வீட்டிலிருந்தபடியே பார்த்தோம். பிறகு அவரவர் வீட்டாரின் கருத்தைக் கேட்டு வந்து வகுப்பில் சொல்வதென்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

அம்மாக்கள் அனைவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே குறையைச் சொன்னார்கள்: பாட்டு. முதற் படத்துக்கு ஏ. ஆர். ரஹ்மான் இசை, இதற்கு அனிருத். "அந்தப் பாட்டெல்லாம் இன்றைக்கும் வாயில் வருகிறது, இது கொட்டகை வாசலோடு போயிற்று" என்றார் ஓர் அம்மா. (எங்களுக்கு அனிருத்தைப் பிடிக்கும் என்பதை இங்கே அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.) அப்பாக்கள் ஒப்பனையைக் குறை கூறினர். ஒரு தாத்தா கணக்குப் போட்டார்: சேனாபதி நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், 1943இல் அவருக்கு இருபது வயது என்று வைத்தாலும் 2024இல் நூறைத் தாண்டிவிடுகிறது, அந்த வயதில் ஒருவர் சுவரேறிக் குதித்து வர்மக் கலையால் ஆட்களைச் சாய்ப்பதாவது! "எனக்கு எழுபத்தொன்று, பேருந்துப் படி ஏறவே முடியவில்லை" என்று முடித்தாராம்.

நீளத்தைக் குறை சொல்லாத வீடே இல்லை. மூன்று மணி நேரப் படம். ஊரெல்லாம் இதையே சொல்லவும், வெளியான சில நாட்களிலேயே ஏறக்குறைய 12 நிமிடங்களைக் குறைத்தார்கள். "சோறு குழைந்த பிறகு கஞ்சியை வடித்தால் என்ன, வடிக்காவிட்டால் என்ன?" என்றார் எங்களில் ஒருத்தியின் பாட்டி.

படத்தை எடுத்தவர்கள் பட்ட பாட்டையும் நாங்கள் மறக்கவில்லை. 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே படப்பிடிப்புத் தளத்தில் பளுதூக்கி சாய்ந்து மூவர் மாண்டனர். பின்னர் கொரோனா வந்தது. படத்தில் நடித்த விவேக், நெடுமுடி வேணு, மனோபாலா ஆகியோர் படம் வெளியாகுமுன்பே மறைந்துவிட்டார்கள். அவர்கள் திரையில் தோன்றியபோது கொட்டகையே ஒரு கணம் மௌனமாகிவிட்டது.

காலம் கடந்து வந்ததால்தான் படம் பிடிக்கவில்லை என்று பலரும் சொன்னதை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. 1986இல் வந்த 'டாப் கன்' என்னும் அமெரிக்கப் படத்துக்கு 36 ஆண்டுகள் கழித்து, 2022இல் அடுத்த பாகம் வந்தது, உலகமே கொண்டாடியது. 'சாமி' படத்துக்கு 15 ஆண்டுகளில், 2018இலேயே இரண்டாம் பாகம் வந்துவிட்டது. யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்த அமெரிக்கப் படத்தில் பழைய வீரர் இளம் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவராகத் திரும்பி வருகிறார். ஆபத்தான வேளையில் தாமும் அவர்களோடு பறக்கிறார். எங்கள் கருத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1996ஆம் ஆண்டுச் சேனாபதி தாம் சொன்ன நீதிக்குத் தாமே விலை கொடுத்தார். தீக்காயம்பட்ட மகளைக் காப்பாற்றக்கூட லஞ்சம் கொடுக்க மறுத்தார், மகளை இழந்தார். மகன் லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பேருந்துக்குச் சான்று கொடுத்துப் பள்ளிக் குழந்தைகள் மாண்டபோது, பெற்ற மகனையே கொன்றார். கொலையை நாங்கள் சரியென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதரைப் பார்த்தால் நெஞ்சு நடுங்குகிறது. கமல்ஹாசனுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை.

2024ஆம் ஆண்டுச் சேனாபதியோ வெளிநாட்டிலிருந்து வந்து, முகநூலில் உரையாற்றுகிறார். அவரவர் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள், லஞ்சம் வாங்கும் சொந்தக்காரரைக் காட்டிக் கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். கதாநாயகன் தன் தந்தையையே பிடித்துக் கொடுக்கிறான். அதைத் தாங்காமல் தாய் இறந்துபோகிறாள். இம்முறை விலை கொடுப்பது தாத்தா அல்லர், பிள்ளைகள். மக்கள் அவர்மீது கோபப்படுவதாகக் கதையிலேயே காட்டுகிறார்கள். அந்த இடம் எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதைப் பேச ஆரம்பித்த உடனே படம் முடிந்து, மூன்றாம் பாகத்தின் காட்சிகளைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இதைப் பற்றி வகுப்பில் பேசியபோது, "உங்கள் அப்பா லஞ்சம் வாங்கினால் காட்டிக் கொடுப்பாயா?" என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு தோழி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் அப்பா வாங்குபவர் இல்லை, கொடுப்பவர்" என்றாள். பெயர் போடாமல் எழுதச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறாள்.

அவள் வீட்டில் சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டுபோய்க் குவித்துவைத்திருந்தார்கள். நான்கு நாள் ஆயிற்று, எடை போடவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். வானமோ மூட்டமாக இருந்தது. 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் எங்கள் சீர்காழி. மேகத்தைக் கண்டால் இங்கே யாருக்கும் உறக்கம் வராது. தார்ப்பாயைப் போர்த்தி, இரவெல்லாம் நெல்லருகே படுத்திருந்த அப்பா, ஐந்தாம் நாள் காலை மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தார். மதியத்துக்குள் எடை போட்டு முடிந்தது. அந்தப் பணத்தில்தான் அவள் அக்காவுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள்.

லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்றும், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் தண்டனை இல்லை என்றும் சமூக அறிவியல் ஆசிரியை விளக்கினார். தோழி எழுந்து, "அடுத்த போகத்துக்கும் அதே இடத்துக்குத்தானே டீச்சர் நெல்லைக் கொண்டுபோக வேண்டும்?" என்று கேட்டாள். ஆசிரியை சற்று நேரம் பேசாமல் நின்றார். மணி அடித்துவிட்டது.

சேனாபதி தாத்தா எங்கள் ஊருக்கு வந்திருந்தால் யாரைப் பிடித்திருப்பார் என்று அன்று மாலை பேருந்து நிறுத்தம்வரை பேசிக்கொண்டே நடந்தோம். காட்டிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நால்வர் சொன்னோம். கொடுப்பவரை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் என்று பெரும்பாலோர் சொன்னோம். தோழி எந்தப் பக்கமும் சேரவில்லை.

அவள் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் படத்தைப் பார்த்தார்களாம். மகன் தந்தையைப் பிடித்துக் கொடுக்கும் இடம் வந்ததும், மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போன அப்பா, படம் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தாராம். எங்கள் ஏற்பாட்டின்படி அவள் அவரிடமும் கருத்துக் கேட்டிருக்கிறாள்.

"படம் ரொம்ப நீளம்" என்றாராம்.