கத்தி மேல் விழுந்த பழி

மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள எந்த டீக்கடையில் நின்றாலும் அரைமணி நேரத்துக்குள் இந்த வசனம் காதில் விழும்: "குறுக்குல மட்டும் கத்தி வைக்க விட்றாதீங்கண்ணே. அப்புறம் ஆளு எந்திரிக்கவே மாட்டாரு." சொல்கிறவர் டாக்டர் இல்லை. உள்ளே படுத்திருக்கும் யாரோ ஒருவரின் மச்சினன், தூக்குவாளியில் கஞ்சி வாங்க வந்தவர். கேட்கிறவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ மேலூர்ப் பக்கத்திலிருந்தோ வந்திருப்பார். கக்கத்தில் ஸ்கேன் படம் இருக்கிற பெரிய உறை. டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவர் பாதி முடிவெடுத்துவிடுவார்: ஊருக்குப் போய்விடலாம், எண்ணெய்க் கட்டுப் போடுகிற ஆள் ஒருவர் இருக்கிறாராம்.

இந்தப் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சொல்கிறவர் யாரோ ஓர் ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். பார்த்தது பொய்யில்லை. அதை வைத்துப் போட்ட கணக்குத்தான் தப்பு.

குறுக்கிலிருந்தே தொடங்கலாம். தண்டுவடம் மூளைக்கு அடியிலிருந்து இறங்கி இடுப்பு வரை ஓடி வருகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். வளர்ந்த ஆளுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு, மிஞ்சிப்போனால் இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே போவது பிரிபிரியாய்த் தொங்கும் நரம்புக் கற்றை. பார்ப்பதற்குக் குதிரைவால் மாதிரி இருப்பதால் அதன் பெயரே லத்தீனில் குதிரைவால்தான். "ஜவ்வு விலகிருச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு விலகியிருப்பது நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலோ அதற்கும் ஒரு படி கீழேயோ. கத்தி போகிற அந்த இடத்தில் தண்டுவடமே கிடையாது. நரம்பு வேர் ஒன்று காயப்பட்டால் ஒரு பாதம் தொய்ந்து போகலாம், உறை கிழிந்து நீர் கசியலாம், கிருமி தொற்றலாம். இவை உண்மையான ஆபத்துகள். கையெழுத்துப் போடுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஆனால் இரண்டு காலும் ஒரேயடியாக விளங்காமல் போவது இந்த அறுவையின் இயல்பான முடிவு இல்லை.

விலகிய ஜவ்வுதான் காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதியது 1934இல். அந்தக் காலத்து அறுவை பெரிய அறுவைதான்: எலும்பை அகலமாக எடுத்து, தசையை நெடுக விலக்கி, வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடுவார்கள். 1977இல் நுண்ணோக்கியை வைத்துச் செய்யும் முறை வந்தது. வெட்டு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்குச் சுருங்கிற்று. இன்று பெரும்பாலான நோயாளிகளை மறுநாளே எழுப்பி நடக்க விடுகிறார்கள். டீக்கடை வசனம் மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் எழுந்திருக்காமல் போன அந்த ஆள் எங்கிருந்து வந்தார்? பல சமயம் அவருடைய கதை இப்படி இருக்கும். களத்தில் நெல் மூட்டை தூக்கும்போது சுருக்கென்று பிடித்திருக்கும். நாலு நாள் தைலம். வலி காலுக்கு இறங்கும். ஒரு நாள் காலையில் மூத்திரம் வராமல் அடைத்துக்கொள்ளும். சைக்கிள் சீட்டில் உட்காருகிற இடமெல்லாம் மரத்துப்போகும். குதிரைவால் மொத்தமும் நசுங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கணக்கு மணி நேரத்தில். நம் ஆளோ "சூடு புடிச்சிருக்கு" என்று இளநீர் குடிப்பார், கட்டுப் போடுவார், பத்து நாள் கழித்து வருவார். அறுவை நடக்கும், நசுக்கல் நீங்கும். செத்துப்போன நரம்பு திரும்பி வராது. ஊருக்குத் தெரிவது இவ்வளவுதான்: போகும்போது தாங்கித் தாங்கியாவது நடந்து போனார், வரும்போது தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் கத்தி. பழி அதன் மேல்.

குணமானவர் பத்தோடு பதினொன்றாகக் களத்துக்குத் திரும்பிவிடுவார். சட்டைக்குள் இருக்கிற தழும்பை யாரும் கேட்கப் போவதில்லை. திண்ணையில் படுத்துவிட்டவரைத்தான் தெருவே தினமும் பார்க்கிறது.

இன்னொரு பேச்சும் உண்டு, அதே டீக்கடையில், சில நேரம் அதே வாயிலிருந்து: "இவிங்ய எதுக்கெடுத்தாலும் அறுக்கணும்பாய்ங்ய." இதில் பாதி நியாயம் இருக்கிறது. வெறும் குறுக்கு வலிக்கே, காலில் பலக்குறைவு எதுவும் இல்லாதபோதே, ஸ்கேனைக் காட்டிப் பயமுறுத்துவது நடக்கத்தான் செய்கிறது. வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோய் என்றால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேரை மேசையில் கிடத்த வேண்டும்.

ஆனால் மீதிப் பாதி நியாயம் இல்லை. "அறுக்காமலே சரியாகும்" என்பதை உலகுக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் காலுக்கு இறங்கும் வலியோடு வந்த 283 பேரை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கூறுக்கு உடனே அறுவை, மற்றதற்குப் பொறுத்திருந்து பார்க்கும் சிகிச்சை. 2007இல் வெளியான முடிவு: ஓராண்டு கழித்து இரண்டு பக்கமும் சுமார் 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். அறுத்தவர்களுக்கு வலி சீக்கிரம் நின்றது, அவ்வளவுதான். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையிலேயே வலி பொறுக்காமல் அறுவைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாகும். ஆக, காலில் பலம் குறையவில்லை, மூத்திரம் மலம் சரியாகப் போகிறது என்றால் ஆறேழு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். பொறுக்க முடியாத வலி என்றால் அறுத்துக்கொள்ளலாம். இரண்டுமே குற்றமில்லை.

நம் பக்கத்து உதாரணம் வேலூரில் இருக்கிறது. வலிப்போடு வருகிறவர்களின் மூளை ஸ்கேனில் சின்னதாய் ஒற்றை வளையம் ஒன்று தெரியும். காசநோய்க் கட்டி என்று அதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1980களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவைத் துறையினர் அவற்றை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் முட்டையால் வந்தவை என்று தெரிந்தது. அதன் பிறகு அவர்களே எழுதினார்கள்: இதை அறுக்க வேண்டாம், வலிப்பு மருந்து கொடுத்துக் கவனியுங்கள், பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். எத்தனையோ மண்டைகள் திறக்கப்படாமல் தப்பித்தது அறுவை மருத்துவர்கள் எழுதியதால்தான்.

மண்டை என்றதும் அடுத்த பேச்சு: "மண்டையத் தொறந்துட்டா, பொழச்சாலும் பழைய ஆளா இருக்க மாட்டான்." நம் தாத்தாக்கள் இதைச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஜேக்கப் சாண்டி வேலூரில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது 1949இல். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டி. எஸ். கனகா அந்தச் சென்னைப் பள்ளியில் தேறியவர். 1968இல் அவர் சிறப்புப் பட்டம் வாங்கியபோதும், மண்டைக்குள் இரத்தம் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்பதை நேரடியாகக் கண்ணால் பார்க்க வழி கிடையாது. உலகில் முதல் சிடி ஸ்கேனே 1971இல் லண்டனில்தான் எடுக்கப்பட்டது. அதுவரை கண்மணி விரிந்திருப்பதையும் கைகால் இழுப்பதையும் வைத்து பல சமயம் உத்தேசமாகத் துளை போட்டுத் தேட வேண்டியிருந்தது. தாத்தா பயந்ததில் தப்பில்லை. பேரன் பயப்படுவதற்கு அதே காரணம் போதாது.

பேரன் தெரிந்துகொள்ள வேண்டிய பயம் வேறு. பைக்கிலிருந்து விழுந்தவர் கொஞ்ச நேரம் மயங்கி, தெளிந்து, "ஒண்ணுமில்ல மாமா, லேசான அடிதான்" என்று சொல்லி டீயும் குடிப்பார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் தமனி ஒன்று அறுந்து கசிந்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, பிறகு எழுப்ப முடியாத தூக்கம். "அசதியில தூங்குறான், எழுப்பாதீங்க" என்று வீட்டில் சொல்கிற அந்த நேரம்தான் உயிர் போகிற நேரம். நினைவு இருக்கும்போதே மேசைக்குப் போய் அந்தக் கட்டி எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பலர் பழைய வேலைக்கே போகிறார்கள். ஆழ்மயக்கத்தில் போனவரின் கதை வேறு. அறுவை ஒன்றுதான், நேரம்தான் வேறு.

கடினமான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அடிபட்டு மூளையே வீங்கிவிட்டால், மண்டையோட்டில் ஒரு பெரிய துண்டைக் கழற்றி வீக்கத்துக்கு இடம் விடுகிறார்கள். எடுத்த எலும்பை நம் நாட்டில் பெரும்பாலும் அதே ஆளின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள், மாதங்கள் கழித்துத் திரும்பப் பொருத்த. வயிற்றில் எலும்பு இருக்கிறது என்று கேட்டதும் உறவுக்காரர்கள் படும் கலவரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 2016இல் வந்த பன்னாட்டு ஆய்வில், ஆறு மாத முடிவில், இந்த அறுவை செய்யப்பட்டவர்களில் 26.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மருந்தை மட்டும் நம்பியவர்களில் 48.9 சதவீதம். அதே ஆய்வில் உணர்வற்ற நிலையில் உயிரோடு மட்டும் இருந்தவர்கள் அறுவைப் பக்கம் 8.5 சதவீதம், மறுபக்கம் 2.1. இங்கே டீக்கடைப் பேச்சு முழுக்கத் தப்பில்லை. ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுபோனது முதலில் பட்ட அடி. செத்துப்போயிருக்க வேண்டியவரைக் கத்தி பிடித்து நிறுத்துகிறது, எந்த நிலையில் என்பது எப்போதும் அதன் கையில் இல்லை. குடும்பத்திடம் இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடும் மருத்துவர்களை எனக்குப் பிடிக்கும்.

"மெட்ராஸுக்குத்தான் கொண்டு போகணும்" என்பதற்கு ஒரு பத்தி போதும். மதுரையிலிருந்து சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல். கழுத்து எலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிய 313 பேரைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு 2012இல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் நசுக்கலை நீக்கியவர்களில் 19.8 சதவீதம் பேர் பாதிப்பை அளக்கும் அளவுகோலில் இரண்டு படியாவது தேறினார்கள், தாமதமானவர்களில் 8.8 சதவீதம்தான். நேரம்தான் மருந்து என்கிறபோது நாலுவழிச்சாலையில் அதைச் செலவழிப்பானேன்? நம் பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது ராஜாஜி மருத்துவமனையில், நரம்பியல் அறுவைத் துறை இருக்கிறது. 108 வண்டி 2008இலிருந்து ஓடுகிறது. 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்கு உள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கிறது, ஆள் எந்த ஊராக இருந்தாலும். தென்னையிலிருந்து விழுந்தவரையும், வாடிவாசலில் மாடு தூக்கி எறிந்த பையனையும் நாலு பேர் கைகால் பிடித்துத் தூக்கி, ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அரைகுறையாய்த் தப்பியிருந்த தண்டுவடம் அந்த மடக்கலில்தான் போகும். பலகை மாதிரி அசையாமல் கிடத்தி, தலையும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கத் தூக்க வேண்டும்.

கடைசியாக, "காலு போயிருச்சுன்னா ஆளே போன மாதிரிதான்." 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அங்கேயே மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார். தென்காசிப் பக்கம் ஆய்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அவர் ஊரிலேயே தொடங்கிய அமர் சேவா சங்கம், அந்த மாதிரிக் கால்களோடும் கைகளோடும் வருகிறவர்களுக்கு இன்று பெரிய இல்லம். சங்கத்தின் பெயரில் இருப்பது அவருக்குச் சிகிச்சை செய்த அமர்ஜித் சிங் சாஹல் என்ற விமானப்படை மருத்துவரின் பெயர். காலைத் திருப்பித் தர முடியாத மருத்துவரின் பெயரைத்தான் அவர் சங்கத்துக்கு வைத்தார்.

இவர்கள் விதிவிலக்கு என்பார்கள். அவர்கள் விதிவிலக்கானது மன உறுதியில் மட்டும் இல்லை, கிடைத்த கவனிப்பிலும்தான். உணர்வில்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மூத்திரக் குழாயைச் சுத்தமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைகால் மடங்கி இறுகிவிடாமல் தினமும் அசைத்துவிட வேண்டும். கிராமத்து வீட்டில் இதைச் செய்வது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ. நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் இரண்டு மணிக்கு எழுந்து, தன்னைவிடக் கனமான உடம்பைப் புரட்ட வேண்டும். எப்படிப் புரட்டுவது என்று அவருக்கு யாரும் நின்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அறுவை நல்லபடியாக முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதத்தில் படுக்கைப் புண் வரும். அது வருவது பிட்டத்துக்கு மேலே, அறுவைத் தழும்புக்கு வெகு கீழே. பார்க்க வருகிற மச்சினனுக்கு இரண்டும் ஒரே முதுகுதான்.