ஜெர்மனி செல்லும் வாலிபர்களுக்கு

ஈக்காட்டுத்தாங்கல் கணினி நிலையங்களில் உத்தியோகம் பார்க்கும் வாலிபர்களில் ஜெர்மனி செல்ல உத்தேசிப்போர் உண்டு. இந்தியத் தொழில் வல்லுநருக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-ல் ஜெர்மானிய சர்க்கார் அறிவித்தது. வாசல் திறந்தது, எவ்வழியே நுழைவது என்பதே கேள்வி. ‘வாய்ப்பு அட்டை’ பெற்றவர் ஓராண்டு வரை வேலை தேடலாம், அதுவரை வாரம் 20 மணி நேரமே ஊழியம் செய்யலாம், கைப்பொருள் கரையும். வேலை ஒப்பந்தத்துடன் ‘நீல அட்டை’ பெற்றவரோ, ஆரம்ப ஜெர்மன் அறிவுடன் 27 மாதத்தில் நிரந்தர வாச உரிமை கோரலாம். பி-1 தேர்ச்சியிருப்பின் 21 மாதமே போதும். ஆகவே தரகருக்குக் கொட்டும் பணத்தைப் பாஷை கற்கச் செலவிடுக. வேலை போனால் வெளியேற நேருமோவென்று அஞ்சி அஞ்சி அந்நிய நாட்டில் காலங்கழிப்பது நம்மவருக்குக் கௌரவமன்று.